அஜாக்கிரதைப் பேய்

தேர்வாய் கண்டிகையில் காருக்குக் கதவுக் கீல் செய்யும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே பீட்டர் என்கிற பிரெஸ் ஆபரேட்டர் மிஷினில் சிக்கிச் செத்துப்போனார். நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. இனி இப்படி ஒரு உயிர் போகவே கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு வீடியோ கேம் செய்தது.

சிரிக்க வேண்டாம். பெரிய படிப்பு படித்தவர்கள் கூடி உட்கார்ந்து, முந்திரி பிஸ்கட் தின்று, நிதானமாக எடுத்த முடிவு அது. கூட்டத்தில் ஒரு சின்ன இன்ஜினீயர் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மிஷினை மாத்திட்டா என்ன சார்?" என்று கேட்டுவிட்டாராம். மிஷினை மாற்றுவதைவிட இன்ஜினீயரை மாற்றுவது சுலபம் என்பதால் அவரைப் பள்ளிப்பட்டில் இருக்கும் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அவர் அட்டைப்பெட்டிகளோடு சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி.

கேம் யோசனை சந்திரமோகனுடையது. அவர் பாதுகாப்புக் கலாசாரத் தலைவர். பாதுகாப்புக்கு என்று தனியாக ஒரு அதிகாரி இருந்தார், அவரை நிறுத்திவிட்டுத்தான் கலாசாரத்துக்கு இவரை வைத்தார்கள். திறப்பு விழா அன்று, குத்துவிளக்கு ஏற்றினால் தீ விபத்து நேரும் என்று பேட்டரி விளக்கை எரியவிட்டு, அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"நம்ம தொழிலாளிங்களுக்குக் கிளாஸ் எடுத்தா தூங்கறாங்க. போஸ்டர் ஒட்டினா அது மேலயே சாய்ஞ்சு தூங்கறாங்க. அதனால பயமுறுத்தலாம்னு முடிவு பண்ணோம். பயந்தா கவனிப்பாங்க. ரொம்ப பயந்தா வேலைய விட்டுட்டு ஓடிடுவாங்க, அதுக்காகக் காமெடி வெச்சிருக்கோம். கொஞ்சம் யோசிக்கட்டுமேன்னு புதிரும் இருக்கு. ரொம்ப யோசிச்சு மண்டைய உடைச்சுக்க வேணாம். விடை எப்பவும் ஒண்ணுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் காலத்து வீடியோ கேம் கடைகளில் இருந்ததே, நின்றுகொண்டு ஆடுகிற மரப்பெட்டி, அதேபோல ஒன்றைப் பயிற்சி அறையில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு கைப்பிடி, இரண்டு சிவப்புப் பட்டன், நடுவில் ஒரு திரை. படமெல்லாம் கோலப்புள்ளி மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும். இந்தப் பழைய காலத்துப் பாணிக்கு ரெட்ரோ என்று பெயராம். பயிற்சி அறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் வேறு எதுவும் ஓடாது என்பதை அவர் சொற்பொழிவில் சேர்க்கவில்லை.

இப்போது ஹெலனுக்கு வருவோம். ஹெலன் செத்துப்போன பீட்டரின் மனைவி. எளாவூர்ப் பக்கம் வீடு. பிரின்சி என்று ஒரு மகள், மூன்றாவது படிக்கிறாள். கருணை அடிப்படையில் ஹெலனுக்குக் கம்பெனி வேலை கொடுத்தது. கருணையில் பல தினுசு உண்டு. புருஷனைத் தின்ற பிரெஸ் ஷாப்பிலேயே பெண்டாட்டிக்கும் வேலை கொடுப்பது அதில் ஒரு தினுசு.

ஹெலனுக்குக் கம்பெனியோடு ஏற்கெனவே ஒரு மனஸ்தாபம் இருந்தது. பீட்டர் செத்தது அவருடைய சொந்த அஜாக்கிரதையால்தான் என்று விசாரணையில் எழுதினார்கள். குடும்பத்தார் அதை ஒப்புக்கொண்டால் ஃபைலை மூடிவிடலாம் என்று கேட்டார்கள். ஹெலன் மாட்டேன் என்றாள். அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் மாட்டேன் என்றுதான் சொன்னாள். அதற்குள் விஷயம் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது. ஒரு நாள் பிரின்சி பையைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"ம்மா, அப்பா தூங்கிக்கினே வேல செஞ்சாராமே? அதான் செத்துட்டாராமே? கிளாஸ்ல சொல்றாங்கோ."

"எவ சொன்னா? அப்பா மேல ஒரு தப்பும் இல்லடி. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு."

"நீயும் அப்படியே சொல்லுவியா?"

"செத்தாலும் அதான் சொல்லுவேன்," என்றாள் ஹெலன்.

அவள் சொன்னது பொய்யில்லை. பிரெஸ் மிஷின் என்பது இரும்புத் தகட்டை ஒரே அழுத்தில் வளைத்துப் போடுகிற ராட்சசன். இடக்கோடியில் ஒரு பட்டன், வலக்கோடியில் ஒரு பட்டன். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே மாட்டுவதற்குக் கை மிச்சமிருக்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படிச் செய்தால் ஷிப்ட்டுக்குக் கேட்கிற உருப்படி வராது. ஆகவே இடது பட்டனை அமுக்கிவைத்து அதன்மேல் டேப் ஒட்டிவிடுவார்கள். ஒரு கை தகட்டை வைக்கும், ஒரு கை பட்டனை அமுக்கும், உருப்படி மளமளவென்று விழும். டேப் வாங்குவது கம்பெனி. அதை ஆளுக்கு ஆள் கொடுப்பது சூப்பர்வைசர் லோகு. ஒட்டாதவனை வாயில் வந்தபடி திட்டுவதும் லோகுதான். அரசாங்க ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் டேப்பெல்லாம் உரிந்து குப்பைக்குப் போகும். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் புது டேப் வந்துவிடும். பீட்டரின் மிஷின் தகராறு செய்துகொண்டிருந்தது, தானாக இறங்குகிறது என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு டேப்பை ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தார். வேறு என்ன செய்வார்? கை மாட்டிய அன்று கம்பெனி ஆம்புலன்ஸும் இல்லை. அதில்தான் ஏசி நன்றாக இருக்கும் என்று விருந்தாளிகளை அழைத்துவர ஏர்போர்ட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பாவி மனுஷன் தகடு ஏற்றும் வண்டியில் போகும்போதே போய்விட்டார்.

சரி, கேட் பாஸ் வேண்டுமென்றால் கேமில் பாஸாக வேண்டும் என்றார்கள். ஹெலன் பெட்டி முன்னால் போய் நின்றாள். திரையில் "அஜாக்கிரதைப் பேய்" என்று ரத்தம் சொட்டுகிற எழுத்தில் வந்தது. ஆந்தை அலறியது. இருண்ட கம்பெனிக்குள் கதவு திறந்து, ஹெல்மெட் போடாத ஒரு பேய் "ப்பே!" என்று குதித்து, தரையில் இருந்த எண்ணெயில் வழுக்கி விழுந்தது. உடனே நாலு பேர் கெக்கெக்கே என்று சிரிக்கிற சத்தம் கேட்டது. பேய் எழுந்து இந்தப் பக்கம் திரும்பியது.

அது பீட்டர்.

கட்டம் கட்டமாக இருந்தாலும் கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாதா? அந்த ஒரு பக்கம் ஏறின புருவம், அந்த மீசை. ஐடி கார்டு படத்தில் இருக்கிற அதே முகம்தான். ஹெலன் நேராகச் சந்திரமோகன் அறைக்குப் போனாள்.

"சார், அது எங்க ஊட்டுக்காரு சார்."

"யாரும்மா?"

"அந்தப் பேயி."

சந்திரமோகன் சந்தோஷப்பட்டார். அடையாளம் தெரிகிற அளவுக்கு வந்திருக்கிறதே என்று அவருக்குப் பெருமை. "டிசைன் பண்றவங்க ஒரு நிஜ முகம் வேணும்னாங்கம்மா. வேலைல இருக்கறவங்க போட்டோவப் போட்டா சம்மதம் வாங்கணும், ஆயிரம் கேள்வி வரும். வேலைல இல்லாதவங்க லிஸ்ட்ல அந்தத் தொல்லையே கிடையாது. சிஸ்டமே முதல் பேர எடுத்துக் கொடுத்துச்சு. இதுல பர்சனலா எதுவும் இல்ல."

"எல்லாரும் அவரப் பாத்துச் சிரிக்கறாங்கோ சார்."

"சிரிக்கணும்மா. சிரிக்கறதுக்குத்தானே செஞ்சது. அவர் உயிரோட இருந்தப்போ ஒரு லைனுக்குத்தான் உதவினார். இப்போ மொத்த பிளான்ட்டுக்கும் டிரெய்னிங் கொடுக்கறார். நீங்க பெருமைப்படணும்."

ஹெலன் திரும்பிப் போய்ப் பெட்டி முன்னால் நின்றாள். வேலை வேண்டுமே.

கேமின் முதல் கட்டத்தில், உடை மாற்றும் அறையில் பேய் ஒளித்துவைத்த ஷூவைக் கண்டுபிடித்தாள். கேன்டீனில் பேயின் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கினாள். பேய் இட்லி தொண்டையில் சிக்கித் தத்தளித்தது, நாலு பேர் சிரித்தார்கள். பீட்டருக்கு இட்லியே பிடிக்காது, காலையில் நாஷ்டாவுக்குப் பழைய சோறுதான் வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? மூன்றாவது கட்டம் பிரெஸ் ஷாப். "விபத்துக்குக் காரணம் எது? கண்டுபிடி!" என்று புதிர் வந்தது. செல்போன், பிராந்தி பாட்டில், கொட்டாவி, வீட்டுக் கவலை என்று நான்கு பொருள்கள் மின்னிக்கொண்டிருந்தன. பின்னால் பிரெஸ் மிஷின் நின்றது. ஹெலன் யோசிக்கவே இல்லை. கைப்பிடியைத் தள்ளி மிஷினைத் தொட்டாள்.

"அது வெறும் பின்னணிப் படம். மீண்டும் முயற்சி செய்க!" என்றது திரை.

மறுபடி மிஷினைத் தொட்டாள். மறுபடி அதே பதில். மூன்றாம் தடவை ஒரு வௌவால் பறந்து வந்து அவளுக்குப் புத்தி சொன்னது. பின்னால் வரிசையில் நின்றவர்கள், "அக்கா, கொட்டாவியத் தொடுக்கா, அதான் சீக்கிரம் வுடும், டீ டைம் போவுது," என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு எதையோ தொட்டாள். கடைசிக் கட்டம் வந்தது.

கடைசிக் கட்டத்தில் சத்தமே இல்லை. மிஷின் முன்னால் பேய் தனியாக நின்றது. "என்னை விடுதலை செய்" என்று எழுத்து வந்தது. இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினால் பேய், "தப்பு என்னுடையதே" என்று ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொண்டதும் அதற்கு இறக்கை முளைத்து மேலே போய்விடும், ஆடுகிறவர் பாஸ். அமுக்காவிட்டால் அது அப்படியே நிற்கும், நேரம் முடிந்ததும் திரை அணைந்துவிடும்.

ஹெலன் அமுக்கவில்லை. பீட்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். திரை அணைந்தது.

மறுநாளும் வந்தாள், மறுநாளும் அமுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். நடுவில் இருக்கிற கண்றாவியையெல்லாம் ஆடி முடித்துக் கடைசிக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அதில் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. கொஞ்ச நேரம்தான், ஆனால் அந்த நேரம் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இதற்குள் கம்பெனியில் பேய் பெரிய ஆளாகிவிட்டது. நோட்டீஸ் போர்டில் "இதுவரை பேய் பிடித்தவர்கள்" என்று பட்டியல் போட்டார்கள். பாஸானவர்களுக்கு ஹெல்மெட்டில் ஒட்ட பேய் ஸ்டிக்கர் கொடுத்தார்கள். பாதுகாப்பு வாரத்தில் ஒரு பையனுக்குப் பேய் வேஷம் போட்டு ஷாப் முழுக்க ஓடவிட்டார்கள். அவன் எண்ணெயில் நிஜமாகவே வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டான், எல்லோரும் காமெடி என்று நினைத்துக் கைதட்டினார்கள். பிறகு கொரியாவிலிருந்து பெரிய வாடிக்கையாளர் வரப்போவதாகச் செய்தி வந்தது. அவர் வருவதற்குள் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் பாஸாக வேண்டும் என்று சந்திரமோகன் உத்தரவு போட்டார். பயிற்சி அறை வாசலில் வரிசை கேன்டீன் வரைக்கும் நீண்டது.

லோகுவை வரச் சொன்னார்கள். உருப்படி வரவில்லை என்றால் லோகுவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வந்து வரிசையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், இரண்டு பட்டனைப் பார்த்தார்.

"இன்னாடா இது, ஆடி அசைஞ்சு அமுக்கிக்கினு கீறீங்கோ," என்று சொல்லிக்கொண்டே பேன்ட் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து இடது பட்டனை அமுக்கி ஒட்டினார். கை பழக்கம். அவர் ஒன்றும் யோசித்துச் செய்யவில்லை.

அவ்வளவுதான், கேம் பிய்த்துக்கொண்டு ஓடியது. இடது பட்டன்தான் ஆமாம் பட்டன், அது அமுங்கியே கிடந்ததால் எதைக் கேட்டாலும் ஆமாம் ஆமாம் என்று தானே போனது. ஒரு பட்டனைத் தட்டத் தட்ட ஆள் பாஸாகிக்கொண்டே இருந்தான். பாதுகாப்புக் கலாசாரத் தலைவர் வந்து பார்த்துவிட்டு மெய்சிலிர்த்துப் போனார். "இதுதான்யா ஷாப் ஃப்ளோர் இன்னொவேஷன்! கீழ இருந்து வரணும் இதெல்லாம்!" என்று லோகுவின் முதுகைத் தட்டினார். லோகுவுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு அறிவித்தார்கள்.

ஹெலன் முறை வந்தது, திரையில் அவள் பெயர் ஏறியது. டேப்பைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"லோகுண்ணா, இதுலயும் ஒட்டுனியா நீ? அவரு கைய எடுத்தது பத்தலயா உனுக்கு?"

லோகு தலையைக் குனிந்துகொண்டார். கெட்ட மனுஷன் இல்லை, பீட்டர் சவத்தைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். "நான் இன்னா ஹெலனு பண்றது. மேல கேக்கறான், நான் கீழ கேக்கறேன். நீ சும்மா தட்டு. புள்ளயப் படிக்க வெக்கணுமா இல்லயா? பேயி மேல போனா போவட்டுமே, நெஜமாவா போவப் போறான் அவன்?"

"அவரு வாயால தப்பு என்னுதுன்னு சொல்ல வெக்க மாட்டேன். வேலயும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்."

ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தாள். எளாவூர் செக்போஸ்ட் தாண்டி லாரி வரிசைக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் போகும்போது, பிரின்சிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. நாளைக்குச் சோற்றுக்கு என்ன வழி என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் காலை கம்பெனி பஸ் வந்து வீட்டு முனையில் ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டி, "யக்கா, ஏறு! நீ பாஸாயிட்டியாமே!" என்றார்.

"நான் அமுக்கவே இல்லியே!"

"அமுக்கலனா இன்னா, டேப்பு கீதுல்ல. உனுக்கு அடுத்து நின்னவன் தட்டுனது உன் பேர்ல போயிடுச்சாம். உன் ஸ்டிக்கர் கூட வந்துடுச்சு."

ஹெலன் பஸ்ஸில் ஏறினாள், சண்டை போடத்தான் ஏறினாள். சந்திரமோகன் அறைக்குள் கேட்காமலே நுழைந்தாள்.

"அத அழிங்க சார். நான் அப்படிச் சொல்லல. என் பேர எடுங்க."

"சிஸ்டம்ல ஏறினது ஏறினதும்மா. திருப்பறதுக்கு வழியே வெக்கல. குடும்பத்தார் ஒப்புதல்னு விசாரணை ஃபைலும் தானா மூடிடுச்சு. ரொம்ப நல்ல சாஃப்ட்வேர்." அவர் குரலைத் தாழ்த்தி அன்பாகப் பேசினார். "கோவப்படாதீங்க. நாளைக்குக் கொரியாக்காரர் வர்றார். அவர்தான் எல்லாத்துக்கும் மேல. இறந்தவரோட குடும்பம்னு உங்கள முன்னால நிறுத்தறேன். உங்க மனசுல இருக்கறத ரெண்டு வார்த்தை பேசுங்க. நான் தடுக்கவே மாட்டேன். அவருக்குத் தமிழ் வராது, நானே மொழிபெயர்த்துச் சொல்றேன்."

எல்லாருக்கும் மேலே இருக்கிறவர்! அவரிடமே சொல்லலாமா? அன்றைக்கு இரவு ஹெலன் சோறு வடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொரியாக்காரர் வயதானவர், மெலிந்த உடம்பு, முகத்தில் ஒரு நல்ல மனுஷனின் களை இருந்தது. பெட்டியில் கேமை ஆடிக் காட்டினார்கள். பேய் வழுக்கி விழுந்தபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஹெலன் அதைக் கவனித்துவிட்டாள். அவளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"ஐயா, எங்க ஊட்டுக்காரு மேல தப்பு இல்லீங்க. பட்டன்ல டேப்பு ஒட்டச் சொன்னது இவங்கதான். ஒட்டலனா வேல இல்லன்னாங்கோ. மிஷினு தானா எறங்குதுன்னு அவரு சொன்னாரு, ஒருத்தனும் காதுல வாங்கல. செத்தவரப் பேயாக்கி விட்டுட்டுச் சிரிக்கறாங்கோ. அவரு குடிச்சிட்டு வர்ற ஆளு இல்ல, தூங்கற ஆளும் இல்ல. நல்லா வேல தெரிஞ்ச மனுஷன். எனுக்கு வேற ஒண்ணும் வேணாம். அது மட்டும் நீங்க ஒருத்தரு நம்புனா போதும்."

லோகு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். சந்திரமோகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணில் நீர் கோர்க்க, ஹெலனுக்குப் புரியாத நல்ல ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவர் சொன்னது இதுதான்: "என் கணவர் செய்த தவறால் கம்பெனிக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன். அப்படியிருந்தும் எனக்கு வேலை கொடுத்தார்கள். இந்த விளையாட்டால் அவருடைய ஆன்மா சாந்தி அடைந்துவிட்டது. என் மகளுக்கும் இதைக் கற்றுக்கொடுக்க ஆசைப்படுகிறேன்."

கொரியாக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர்கள் ஊர் வழக்கப்படி ஹெலனுக்கு முன்னால் இடுப்புவரை குனிந்து, வெகுநேரம் நிமிராமலே நின்றார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஹெலன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள், வாய்விட்டு அழுதாள். கம்பெனியே கைதட்டியது. அந்தக் கம்பெனிக்குப் பாதுகாப்புக் கலாசார விருது அறிவிக்கப்பட்டது, கதவுக் கீல் ஆர்டர் இரட்டிப்பானது. பிரெஸ் ஷாப்புக்கு இன்னும் அதிக உருப்படி கேட்டார்கள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஹெலன் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். பிரின்சியை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கி சொல்லிட்டேன்டி. எல்லாத்துக்கும் மேல கீற பெரிய மனுஷன் கிட்டயே சொல்லிட்டேன், அப்பா மேல தப்பு இல்லன்னு."

"அவரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. இவ்ளோ பெரிய மனுஷன், தலையக் குனிஞ்சு அம்மா கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. அழுதாருடி அவரு. என் கண்ணால பாத்தேன்."

"நெஜமாவாம்மா?"

"ஏசு மேல சத்தியமா."

பிரின்சி மடியிலிருந்து குதித்து இறங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்ல ஓடினாள். தெரு முனை வரைக்கும் அவள் குரல் கேட்டது. ஹெலன் கை காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பீட்டர் போன பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு நல்ல பசி எடுத்தது. இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.